வெதர்லோவில் கேட்காமலே கை கொடுத்தவர்

தெல்மா ப்ரிக்ஸ்டாக் தன் அக்கா மகள் ஃப்ரேயாவின் கல்யாண கேக்கைப் படகிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவு செய்தபோது வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பேசிப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன்னால் தம்பி மகன் கல்யாணத்துக்கு அவள் செய்த கேக்கை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். வழியில் ஒரு காட்டுக்கோழி குறுக்கே ஓட, டிரைவர் பிரேக்கை மிதிக்க, மேல் அடுக்கு பறந்துவந்து அவர் பிடரியில் உட்கார்ந்துவிட்டது. காட்டுக்கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

படகு அப்படி இல்லை. நடக்கிற வேகம்தான். ரயில் பெட்டியை நீளவாக்கில் பாதியாக அறுத்துத் தண்ணீரில் விட்டது போல ஒடுங்கி நீண்ட அந்த 'லாப்விங்' படகில், படுக்கையறைக் கட்டிலின் மேல் மடக்குமேசையின் பலகையைக் கழற்றி வைத்து, அதன் மேல் கேக்கை நிறுத்தியிருந்தாள். அடியில் மாசக்கணக்காகப் பிராந்தி குடித்து ஊறிய உலர்பழக் கேக், நடுவில் எலுமிச்சை, உச்சியில் ஃப்ரேயாவுக்குப் பிடித்த சாக்லேட். மேலே வெண்பட்டு மாதிரி சர்க்கரைப் பூச்சு, அதில் படர்ந்து ஏறுகிற சர்க்கரைப் பட்டாணிப்பூக்கள். சுற்றிலும் வீட்டில் இருந்த அத்தனை தலையணைகளும்.

"மாப்பிள்ளைக்குக்கூட இவ்ளோ தலையணை கிடைக்காது," என்றார் அவள் கணவர் செட்ரிக். கட்டில் போய்விட்டதால் அவர் முந்தின இரவு சோபாவில் படுத்து எழுந்திருந்தார்.

செட்ரிக்குக்குக் கால்மூட்டில் ஆபரேஷன் ஆகி அதிக நாள் ஆகவில்லை. பின்பக்கம் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பதைத் தவிர வேறெதற்கும் அவர் உதவ மாட்டார். ஆகவே வெதர்லோ சரிவில் கால்வாயைப் படிப்படியாக இறக்குகிற லாக்குகள், முன்னும் பின்னும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டிகள், அத்தனையும் தெல்மாவின் பொறுப்பு. வேலை ஒன்றும் புதிதில்லை. நிரம்பிய தொட்டிக்குள் படகு வந்ததும் மேல்கதவைச் சாத்து, கீழ்க்கதவின் மதகைச் சாவி போட்டுச் சுழற்றித் திற, தண்ணீர் வடிய வடியப் படகு இறங்கும், பிறகு கதவைத் திறந்து அனுப்பு. அடுத்த லாக். கடைசி லாக்குக்குக் கீழே ஓட்டர் பப். அதன் தோட்டத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கல்யாணம்.

தெல்மாவைப் பயமுறுத்தியது லாக்குகள் இல்லை. லாக்குகளுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர்கள். நல்ல வெயிலடிக்கிற சனிக்கிழமையில் கால்வாய்க்கரையில் யாராவது ஒருவர் 'ஒரு கை பிடிக்கட்டுமா?' என்று கேட்டபடியே பிடித்துவிடுவார். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல தெல்மாவுக்கு வராது. பல் டாக்டரிடம் வரவேற்பறையில் பல வருஷம் உட்கார்ந்து, 'கொஞ்சம்கூட வலிக்காது, உள்ள போங்க' என்று சிரித்த முகமாகப் பொய் சொல்லிப் பழகிய வாய் அது.

முதல் லாக்கிலேயே ஆள் காத்திருந்தார்.

எழுபது வயது இருக்கும். நெட்டையான, நிமிர்ந்த உடம்பு. கால்வாய்த் தொண்டர்கள் போடுகிற மாதிரியே நீல நிற மிதவைச் சட்டை, ஆனால் தொண்டர் இல்லை. நெஞ்சில் 'ஆம்ப்ரோஸ் – உதவி' என்று வீட்டிலேயே அடித்து ஒட்டிய வில்லை. கறுப்பு ஷூவில் முகம் பார்க்கலாம். இடுப்பில் தோலுறைக்குள் அவருடைய சொந்த மதகுச் சாவி பளபளத்தது.

"தனியாவா கஷ்டப்படுற, கண்ணு?" என்றார். குரல் மெதுவாக, ஆழமாக இருந்தது. யாரோ தவறிவிட்டார்கள், அதைப் பக்குவமாகச் சொல்ல வந்திருக்கிறார் என்று தெல்மாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

"இல்ல, இல்ல. வீட்டுக்காரர் படகுல இருக்காரு. நாங்க பாத்துக்குறோம். ரொம்ப நன்றி."

"அட, நன்றியெல்லாம் எதுக்கு," என்று சொல்லிவிட்டு ஆம்ப்ரோஸ் சாவியை உருவினார்.

தெல்மா மேல்கதவைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் கீழே மதகின் பல்சக்கரம் கடகடவென்று ஓடியது. ஒன்றில்லை, இரண்டு மதகும், முழுசாக. தொட்டியிலிருந்த தண்ணீர் கீழ்க்கதவை நோக்கிப் பாய, லாப்விங்கும் கூடவே பாய்ந்து, மூக்கால் கதவை ஒரு முட்டு முட்டி நின்றது.

"மெதுவாய்யா!" என்று செட்ரிக் கத்தினார். டீக்கோப்பையில் பாதி அவர் மடியில் இருந்தது.

"ஒண்ணும் ஆகாது சார்," என்று அந்தத் துக்கக் குரல் மேலிருந்து ஆறுதல் சொன்னது. "சீக்கிரம் முடிஞ்சிரும்."

லாக்கை விட்டு வெளியே வந்ததும் தெல்மா படகுக்குள் ஓடிப்போய்ப் பார்த்தாள். கேக் நின்றிருந்தது. ஒரு பட்டாணிப்பூ மட்டும் தலையணையில் விழுந்து கிடந்தது. அதை எடுத்து முட்டைவெள்ளையால் ஒட்டிவிட்டு வெளியே வந்தாள். ஆம்ப்ரோஸ் அதற்குள் இரண்டாவது லாக்கில் போய் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்.

"போகச் சொல்லு," என்றார் செட்ரிக்.

"நீயே சொல்லு."

"நான் இங்கிருந்து எப்படிச் சொல்றது? கத்தணும். ஒரு வயசான மனுஷனை நாலு பேர் பாக்கக் கத்துறது நல்லா இருக்காது."

தெல்மாவுக்குத் தெரிந்த வழிகள் சில இருந்தன. இரண்டாவது லாக்கில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் பார்த்தாள். கையில் கோப்பை இருந்தால் சாவியைப் பிடிக்க முடியாது இல்லையா? ஆம்ப்ரோஸ் டீயை ஒரே மூச்சில் குடித்தார். பிஸ்கட்டை வேலை முடிந்து சாப்பிடுவதாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவதில் அவரை அக்கரைக்கு அனுப்பி, கதவைத் தள்ளுகிற நீள மரத்தின் மேல் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தபடியே எட்டி மதகைத் திறந்தார். நாலாவதில் அவரிடம் கயிற்றைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கயிற்றை ஒரு தூணில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு மதகுப் பக்கம் போனார். படகு இறங்க இறங்கக் கயிறு விறைத்து, செட்ரிக் இருந்த பக்கம் மட்டும் அந்தரத்தில் தொங்க ஆரம்பித்தது. நல்ல வேளை, தெல்மா பாய்ந்துபோய் மதகை மூடினாள்.

உள்ளே மூன்று பூ விழுந்திருந்தது.

ஐந்தாவது லாக்கில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்தபோது தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

"ஆம்ப்ரோஸ், உங்களால ஒரு பெரிய உதவி ஆகணும்," என்றாள் தன் பழைய வரவேற்பறைச் சிரிப்போடு. "நீங்க முன்னால போய் ஏழாவது லாக்கை எங்களுக்காக ரொப்பி வைக்கிறீங்களா? முடிஞ்சா எட்டாவதையும். ஒம்பதாவதையும். அப்படியே போய்க்கிட்டே இருந்தீங்கன்னா எங்களுக்கு எவ்ளோ நேரம் மிச்சம்."

ஆம்ப்ரோஸ் முகத்தில் விளக்கு எரிந்தது. இவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை போல. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரைப்பாதையில் நடந்து வளைவில் மறைந்தார்.

ஐந்தாவது லாக்கும் ஆறாவது லாக்கும் சொர்க்கமாக இருந்தன. தெல்மா மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். படகு குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல இறங்கியது. ஒரு கொக்கு நின்று வேடிக்கை பார்த்தது. அதுவாவது கை கொடுக்க வராமல் நின்றதே என்று தெல்மா நினைத்துக்கொண்டாள்.

"சாமர்த்தியம்தான் நீ," என்றார் செட்ரிக்.

ஆறாவதின் கதவு திறந்து லாப்விங் வெளியே வந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு நீண்ட இடைக்குளம் உண்டு. வளைந்து போகும். தெல்மா கரையில் நடந்து வந்தாள். படகு கொஞ்ச தூரம் வந்து, வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, ஒரு பெருமூச்சோடு நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டாள்.

"நான் நிறுத்தல."

இருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் கரையோரமாக ஈரச் சேறு பளபளத்தது. ஒரு பழைய சைக்கிளும் இரண்டு போக்குவரத்துக் கூம்புகளும் சேற்றிலிருந்து தலை நீட்டின. தெல்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கூம்பும் வெளியே வந்தது. குளத்திலிருந்து தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

அவள் ஓடினாள். ஏழாவது லாக்கின் மேல்மதகு இரண்டும் ஆகாயத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. கீழ்க்கதவில் ஒரு மதகும் திறந்திருந்தது. மேலிருந்து விழுகிற தண்ணீர் தொட்டியில் ஒரு நிமிஷம்கூடத் தங்காமல் கீழே போய்க்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் மூடிவிட்டு மூச்சு வாங்க நின்றபோது, கீழே எட்டாவது லாக்கிலிருந்து ஆம்ப்ரோஸ் உற்சாகமாக ஏறி வந்தார்.

"ஏழு ரொம்ப நேரம் எடுக்குது கண்ணு. நிரம்பவே மாட்டேங்குது. அதான் நேரத்தை வீணாக்காம எட்டைப் பாக்கப் போனேன்."

"கீழ்மதகு திறந்திருந்துச்சு," என்றாள் தெல்மா.

"இருக்காதே. காலைல ஒரு படகை இறக்கிவிட்டப்ப நான்தானே..." ஆம்ப்ரோஸ் நிறுத்தினார். வானத்தைப் பார்த்தார். பிறகு தன் ஷூவைப் பார்த்தார். "ஒண்ணை மூடினேன்," என்றார்.

இருவரும் திரும்பி வருவதற்குள் லாப்விங் கரைக்கு எதிர்ப்பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தது. செட்ரிக் ஸ்டூலிலிருந்து வழுக்காமல் இருக்கச் சுக்கானைக் கட்டிப் பிடித்திருந்தார். தெல்மா உள்ளே ஏறிப் பார்த்தாள். தலையணைகள் ஒரு பக்கமாகக் குவிந்து, கேக் அவற்றின் மேல் சாய்ந்து, சீமாட்டி ஒருத்தி சோபாவில் தலைசுற்றி விழுந்த மாதிரி இருந்தது. நிற்கிறது. ஆனால் எத்தனை நேரம்?

கால்வாய் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மேலிருந்து தண்ணீர் விட்டு நிரப்பத் தொண்டர்கள் வருவார்கள், பொறுமையாக இருங்கள் என்றார்கள். தண்ணீர் வரும்போது சேற்றிலிருந்து படகு ஒரு உலுக்கு உலுக்கித்தான் எழும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த உலுக்கலில் மூன்று அடுக்கும் ஒரே அடுக்காகிவிடும்.

அவள் வெளியே வந்தபோது ஆம்ப்ரோஸ் படகின் நடைப்பலகையை எடுத்துக் கரைக்கும் படகுக்கும் நடுவே போட்டுக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

"அதைக் கீழ வைங்க," என்றாள் தெல்மா.

அந்தக் குரலைச் செட்ரிக்கே கேட்டதில்லை. ஆம்ப்ரோஸ் பலகையைக் கீழே வைத்தார்.

"உங்களை நான் உதவிக்குன்னா கீழ அனுப்பினேன்? நீங்க என் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு அனுப்பினேன். காலைலேர்ந்து நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"நீ நன்றின்னுல்ல சொன்ன," என்றார் ஆம்ப்ரோஸ்.

அது உண்மைதான்.

"உள்ள என்ன கண்ணு இருக்கு? அப்பப்ப ஓடி ஓடிப் போய்ப் பாக்குறியே, யாராவது முடியாதவங்களா?"

"கேக். கல்யாண கேக். மூணு அடுக்கு. ஓட்டர்ல ரெண்டு மணிக்கு என் அக்கா பொண்ணுக்குக் கல்யாணம்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கரித்தது.

ஆம்ப்ரோஸ் படகு வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, "எவ்ளோ கனம் இருக்கும்?" என்று கேட்டார்.

"என்ன?"

"கனம். அடிப்பலகை என்ன அகலம்? படகு வாசல் எவ்ளோ? உள்ள படி எத்தனை?" அவர் குரலில் இப்போது வேறு ஏதோ இருந்தது. "நான் சவப்பெட்டி தூக்கினவன் கண்ணு. அப்பா காலத்துக் கடை. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதான் தொழில். வெதர்லோல பாதிப் பேரை நான்தான் கொண்டுபோய் விட்டிருக்கேன். குறுகல் மாடிப்படி, பனி, சேறு, குடிச்சிட்டு வந்த மச்சான்மாருங்க, எல்லாம் பாத்தாச்சு. ஒருத்தரைக்கூடக் கீழ போட்டதில்ல. ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"எப்படிய்யா சொல்லுவாங்க?" என்றார் சாய்ந்த ஸ்டூலிலிருந்து செட்ரிக்.

தெல்மா ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். படகைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு பேர் வேணும்," என்றார் ஆம்ப்ரோஸ். "நாம ரெண்டு பேர் இருக்கோம்."

கரைப்பாதையில் அந்த நேரத்தில் ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். சேற்றில் சாய்ந்த படகைப் பார்த்து நிறுத்தி, "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக தெல்மா அந்தக் கேள்விக்கு, "ஆமாம், இறங்குங்க," என்றாள். அந்தப் பெண்ணின் பெயர் மெர்ரின். அவளுக்குப் பின்னால் ஒல்லியான வேட்டை நாயோடு வந்த ஹக் என்கிற தடித்த மனிதர் வேடிக்கை பார்க்கத்தான் நின்றார். நின்றது அவர் குற்றம்.

ஆம்ப்ரோஸ் மூவரையும் வரிசையாக நிறுத்தித் தோள் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார். தெல்மாதான் குள்ளம், அவள் தோளில் மடித்த துண்டு ஒன்றை வைத்தார். மெர்ரினின் சைக்கிள் ஷூ கல்லில் டக் டக்கென்றது. "கழட்டிரும்மா. சத்தம் ஆகாது," என்றார். அவள் மறுபேச்சில்லாமல் கழற்றினாள். ஹக்கின் நாயைச் செட்ரிக்கிடம் படகில் விடலாம் என்றார்கள். அந்தச் சாய்ந்த படகில் ஏற நாய் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஹக்கின் இடுப்பிலேயே கட்டியாயிற்று.

பிறகு ஆம்ப்ரோஸ் நடைப்பலகையைப் போட்டு உள்ளே போனார். தெல்மா பின்னால் போனாள். இருவருமாகக் கேக்கோடு மேசைப்பலகையைத் தூக்கினார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதற்கு ஏற்றபடி அவர் ஒரு முனையைத் தாழ்த்தி ஒரு முனையை உயர்த்தி, கேக்கை மட்டத்தில் வைத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். தலையைத் திருப்பவே இல்லை. "வாசப்படி," என்றார். "மூச்சு விடு கண்ணு. இப்ப பலகை. பாதத்தைத் தூக்காத, வழுக்கிட்டே வா." கீழே சேறு வாயைத் திறந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து தொட்டதையெல்லாம் கெடுத்த மனிதர் இவர்தானா என்று தெல்மாவுக்கு நம்ப முடியவில்லை. அந்தக் கைகள் ஒரு நூல்கூட அசையவில்லை.

கரையில் வைத்து நாலு பேர் தோளுக்கும் மாற்றினார்கள். மேசைப்பலகை ஏறியது, கேக் வானத்தில் நின்றது.

"இடது கால் முதல்ல," என்றார் ஆம்ப்ரோஸ். "நான் சொல்ற வேகம். யாரும் பேசக் கூடாது. கண்ணு தரையில இருக்கட்டும்."

ஊர்வலம் கிளம்பியது.

வேகமாக நடக்கலாமா என்று தெல்மா ஒரு தடவை கிசுகிசுத்தாள். "அவசரப்பட்டு யாரும் போய்ச் சேர வேண்டியதில்ல," என்று பதில் வந்தது. எட்டாவது லாக்கின் அருகே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அவர்கள் வருவதைப் பார்த்துத் தன்னையறியாமல் எழுந்து தொப்பியைக் கழற்றினார். தலைக்கு மேலே போவது என்னவென்று பிறகுதான் பார்த்தார், ஆனாலும் தொப்பியைத் திரும்பப் போடவில்லை. கரையோரம் கட்டியிருந்த படகில் பாட்டு நின்றது. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "யாரும்மா செத்துட்டாங்க?" என்று கேட்டாள். "தெரியல. பேக்கரிக்காரரா இருக்கும்," என்றாள் அம்மா. ஹக்கின் நாய்கூடத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தது. மெர்ரினின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று தெல்மா பயந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"குலுங்காத," என்றார் ஆம்ப்ரோஸ், முன்னாலிருந்து, திரும்பாமலேயே.

ஓட்டர் பப்பின் தோட்டத்தில் நாற்காலி வரிசைகள் நிறைந்திருந்தன. பூவளைவின் கீழே ஃப்ரேயாவும் அவள் மாப்பிள்ளையும் நின்றார்கள். பதிவாளரம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வழக்கம்போல ஒரு கணம் நிறுத்தினார்.

அந்த அமைதியில் சரளைக்கல் நெரிபடும் சத்தம் கேட்டது. நாலு பேர், ஒரே அடி, ஒரே தாளம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்; நடையின் தாளத்தைக் கேட்டதும் எழுந்து தலை குனிந்து நின்றார். அவர் எழுந்ததால் அவர் வரிசை எழுந்தது. அந்த வரிசை எழுந்ததால் பின்வரிசையும் எழுந்தது. தோட்டம் முழுக்க எழுந்து நிற்க, நடுவழியில் கேக் வந்துகொண்டிருந்தது. தெல்மாவின் அக்கா பெர்னிஸ் தொப்பி நழுவ வாயைப் பிளந்தாள்.

மணமக்களுக்கு முன்னால் ஆம்ப்ரோஸ் கையைக் காட்டினார். நின்றார்கள். மெதுவாக இறக்கி, காலியாக இருந்த வெள்ளைத் துணி விரித்த மேசை மேல் வைத்தார்கள். ஆம்ப்ரோஸ் இரண்டு அடி பின்னால் வந்து, கைகளைக் கோத்து, தலை தாழ்த்தி, ஃப்ரேயாவிடம் அந்த மிருதுவான குரலில் சொன்னார்:

"உங்களுக்கு ஏற்பட்ட இந்தப் பேரிழப்பு..."

நிறுத்திவிட்டார். காது சிவந்தது. "வாழ்த்துகள்," என்றார்.

"இதை ஆட்சேபணைன்னு எழுதிக்கணுமா?" என்று பதிவாளரம்மாள் கேட்டார்.

ஃப்ரேயாதான் முதலில் சிரித்தாள். மூக்கில் ஆரம்பித்து வெடித்து, கண்மை கரைகிற வரைக்கும் சிரித்தாள். அதன் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கல்யாணத்தை மறுபடி ஆரம்பிக்க வெகுநேரம் ஆயிற்று. கேக்கில் ஏழெட்டுப் பூ குறைந்திருந்தது. நடு அடுக்கில் தலையணையின் பூவேலை லேசாகப் பதிந்திருந்தது. எப்படி இவ்வளவு அழகாக அச்சு எடுத்தாய் என்று மூன்று பேர் தெல்மாவிடம் கேட்டார்கள். அவள் தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டாள்.

மெர்ரின் காலுறையோடு நடனமாடினாள். ஹக்கின் நாய் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சாமன் மீனை முடித்தது. ஆம்ப்ரோஸை விருந்துக்கு உட்கார வைத்தார்கள், ஆனால் அவரால் உட்கார முடியவில்லை. வெளியே கார்கள் தாறுமாறாக நிற்கின்றன என்று போய், அத்தனை கார்களையும் ஒன்றன் பின் ஒன்றாக, முதல் வண்டிக்குப் பின்னால் துக்க ஊர்வலம் போவது போல நெருக்கமாக நிறுத்தவைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு முன்காரின் சொந்தக்காரர் கிளம்பும் வரைக்கும் ஒருவராலும் வீட்டுக்குப் போக முடியவில்லை. முன்கார் மாப்பிள்ளையின் பெரியப்பாவுடையது. அவர் ஆட்டத்தில் இறங்கியிருந்தார்.

சாயங்காலம் செட்ரிக் வந்து சேர்ந்தார். தொண்டர்கள் இரண்டு பேர் தண்ணீர் விட்டுப் படகை எழுப்பி, மீதி லாக்குகளை இறக்கி விட்டிருந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று தெல்மா கேட்டாள்.

"ரொம்ப நல்லவங்க. ஒண்ணும் முட்டல, ஒண்ணும் தொங்கல," என்றார் செட்ரிக். கொஞ்சம் யோசித்து, "போரடிச்சது," என்றார்.

கிளம்பும்போது ஆம்ப்ரோஸ் தெல்மாவிடம் வந்தார். கையில் ஒரு தட்டு. அதில் கேக்கின் அடி அடுக்கிலிருந்து ஒரு பெரிய துண்டு, துணி போட்டு மூடியிருந்தார்.

"திரும்ப மேல எப்ப போறீங்க?"

திங்கட்கிழமை காலையில் என்று அவளும் செட்ரிக்கும் பேசி வைத்திருந்தார்கள். "செவ்வாய்க்கிழமை," என்றாள் தெல்மா, சிரித்த முகமாக. சொன்ன பிறகு அவளுக்குக் கொஞ்சம் குத்தியது. அந்த மனிதர் அந்தக் கேக்கை எப்படித் தூக்கினார் என்று பார்த்தவள் அவள்தான். ஆனால் அவர் மதகைத் தூக்குவதையும் பார்த்திருக்கிறாளே.

திங்கட்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே லாப்விங் கிளம்பியது. கடைசி லாக், ஏறும்போது அதுதான் முதல் லாக். கரை காலியாக இருந்தது. தெல்மா சாவியோடு இறங்கி, படியேறி மேலே வந்தாள்.

கதவு மரத்தின் மேல் நீலச் சட்டையோடு ஆம்ப்ரோஸ் உட்கார்ந்திருந்தார். ஷூ பளபளத்தது.

அவளுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "செவ்வாய்னு சொன்னேன்ல," என்றாள்.

"சொன்ன, கண்ணு. எல்லாரும் வேற நாளைத்தான் சொல்லுவாங்க," என்றார் ஆம்ப்ரோஸ், கோபமில்லாமல். "அதனால நான் தினமும் வந்துருவேன்."

தெல்மா அவர் பக்கத்தில் மரத்தின் மேல் உட்கார்ந்தாள். கீழே செட்ரிக் படகைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை என்று அவள் கையைக் காட்டினாள்.

"ஆம்ப்ரோஸ், நான் நேராச் சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் நீங்க ஒரு மதகையும் தொடக் கூடாது."

"சரி."

"சொன்னதும் பாதிதான் திறக்கணும். நான் இன்னும்னு சொன்னா மீதி."

"பாதி."

"கயிற்றை முடிச்சுப் போடக் கூடாது. முன்னால போகக் கூடாது. சவப்பெட்டி தூக்குறப்ப நீங்க சொல்றதை எல்லாரும் கேக்கணும்ல? அதே மாதிரி இங்க நான்."

ஆம்ப்ரோஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இப்படி முன்னாடியே சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே," என்றார். அப்படிக் கேட்டிருப்பாரா என்பது தெல்மாவுக்குச் சந்தேகம்தான், ஆனால் அவர் முகத்தில் அந்தச் சந்தேகம் துளியும் இல்லை.

வேலை நன்றாகவே நடந்தது. முதல் லாக்கில் அவர் கைகளைக் கோத்துக்கொண்டு மதகருகே நின்றார். அவள் தலையசைத்ததும் பாதி திறந்தார். தண்ணீர் பதவிசாக உள்ளே வந்து படகைத் தூக்கியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் செட்ரிக் டீக்கோப்பையை நிரப்பி மடியருகே வைத்துக்கொள்ளும் அளவுக்குத் துணிந்துவிட்டார்.

நாலாவதில் தெல்மா கீழ்க்கதவைச் சாத்திவிட்டு நிமிர்வதற்குள் மேலே பல்சக்கரம் கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஆம்ப்ரோஸ்," என்றாள்.

சத்தம் நின்றது.

"பாதிதான், கண்ணு," என்று அந்த மெல்லிய குரல் மேலிருந்து வந்தது.